ஒரு சைடு நடை

மருந்துச் சீட்டின் கடைசி வரியில் டாக்டர் எழுதியிருந்தார்: தினமும் 45 நிமிஷம் நடை. சேகோ ஆலையில் முப்பது வருஷமாகக் கணக்கெழுதுகிறவன் நான். நாடெல்லாம் பாயசம் வைக்க ஜவ்வரிசி அனுப்பி, அதன் லாப நட்டத்தை நாற்காலியை விட்டு எழாமல் கூட்டிக் கழித்தவனுக்குச் சர்க்கரை வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஹெச்பிஏ1சி 7.8. கடந்த மூன்று மாதத்தின் சராசரி அது என்று டாக்டர் விளக்கினார். சராசரி என்றால் என்னவென்று எனக்கே பாடமா என்று நினைத்துக்கொண்டேன்.

"சும்மா நடந்தா போரடிக்குங்க. பாட்டு கேட்டுக்கிட்டு நடங்க" என்றார். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன். "போன் இருக்கேப்பா. அதுலயே கேளுங்க" என்றாள். கேட்டுப் பார்த்தேன். என் போன் 200 கிராமுக்குக் கொஞ்சம் கூட. நாடா வைத்த டிராக் பேண்ட்டின் வலது பாக்கெட்டில் போட்டால் பேண்ட் வலது பக்கமாக இறங்கும். ஏற்காடு ரோட்டில் விடிகாலையில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆளைப் பார்த்தால் ஜனங்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதலாளிதான் ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறார். ஜானகி பல்லவியை முடித்துச் சரணத்துக்கு மூச்செடுக்கும் நேரத்தில், "நேத்து போன லோடுக்கு இ-வே பில் போட்டாச்சுங்களா?" என்று காதுக்குள்ளேயே வந்து கேட்கிறார்.

ஆகவே நடைக்கென்று தனியாக, சின்னதாக, பாட்டு மட்டும் பாடுகிற ஒரு கருவி வாங்குவது என்று தீர்மானமாயிற்று. நடை அதற்கப்புறம் தொடங்கும்.

கணக்கப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? நீளமான பேரேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். எடை, பேட்டரி எத்தனை மணி நேரம், எத்தனை ஜிபி, கிளிப் உண்டா, வியர்வை தாங்குமா, பட்டனா தொடுதிரையா, ஒயரா புளூடூத்தா, விலை, பாட்டு ஏற்றித் தரப்போவது யார் என்று ஒன்பது பத்தி. வரிக்கு ஒன்றாகப் பதினாலு கருவி. ஆலைக் கணக்கைக்கூட நான் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

எழுதும்போதே 1989 ஞாபகம் வந்தது. அப்போது பேரேட்டுக்கு வேலையே இல்லை. ஊரில் இருந்தது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை.

எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்கும் ஆண்டகளூர் கேட்டுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. அன்றைக்கு அது சேலம் மாவட்டம், ரோடு என்.எச். 7. இன்றைக்கு நாமக்கல் மாவட்டம், என்.எச். 44. நாங்கள் யாரும் எங்கும் நகரவில்லை. அத்தை மகன் லைன் லாரியில் டிரைவர். இங்கிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போவார். அந்தப் பக்கத்து ஜனங்கள் விரத நாளில் அரிசியைத் தொடாமல் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார்களாம். அவர்களுடைய விரதத்தில்தான் எங்கள் பக்கம் பாதிப் பேர் வயிறு நிறைந்தது. அப்படிப் போன ஒரு நடையில் பம்பாயிலிருந்து 350 ரூபாய்க்கு ஒரு வாக்மேன் வாங்கி வந்தார். ஏதோ பெயர் தெரியாத கம்பெனி. கையடக்கமான எந்த டேப்பும் எங்களுக்கு வாக்மேன்தான். அடுத்த லோடுக்குக் கிளம்பும்போது, "மாப்ளே, நான் வர வரைக்கும் நீயே வெச்சிரு. பேட்டரிக் கட்டை மட்டும் நீ போட்டுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது 21 வயசு. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். இப்போதும் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். எங்களுக்கும் ஓட்டம்தான் முதல் கண்டம். ஒர்க்-அவுட் என்ற சொல் எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் பஸ் ஏறவில்லை. ஓடுவதற்குப் பேர் ஓடுவதுதான். தண்டால், பஸ்கி, புளியமரக் கிளையில் கயிறு, அவ்வளவே.

வாக்மேன் வந்தாயிற்று. கேஸட்? ராசிபுரம் ரெக்கார்டிங் சென்டரில் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தேன். முதல் பாட்டு 'காக்கிச் சட்டை'யிலிருந்து. போலீஸுக்குப் போகிறவன் வேறெதில் ஆரம்பிப்பான்? 'புன்னகை மன்னன்', 'விக்ரம்', 'அக்னி நட்சத்திரம்' என்று மொத்தம் ஒன்பது, ஒன்றைத் தவிர எல்லாம் இளையராஜா. அந்த ஒன்று அம்மாவுக்காக எழுதிய 'படகோட்டி'. கடைக்கார அண்ணன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அறுபதா, தொண்ணூறா?"

"தொண்ணூறுங்க."

"அப்ப ஒரு சைடுக்கு நாப்பத்தஞ்சு நிமிசம். உன் ஒம்போது பாட்டு போக ரெண்டு நிமிசம் மிச்சமாவுது. நானே ஒன்னு போட்டுவுடறேன்."

போட்டுவிட்டார். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலிருந்து ஒரு பாட்டு. 1956-இல் வந்தது, தமிழின் முதல் வண்ணப் படம், மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. "சேலத்துல எடுத்த படம் தம்பி. நம்மூருது" என்று அதற்கொரு நியாயமும் சொன்னார். பாட்டு இரண்டு நிமிஷத்துக்கு மேல். மிச்சமிருந்த நாடா இரண்டு நிமிஷம். சரணத்தின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில், டக்கென்று பட்டன் எகிறிக்கொண்டு பாட்டு அறுந்துபோகும். ஒரு நாளா, இரண்டு நாளா? ஐந்து மாதம், தினமும், அதே சொல்லில்.

விடிகாலை நாலரைக்குக் கிளம்புவேன். வாக்மேனை இடுப்பு பெல்ட்டில் மாட்டி, தலைக்கு மேல் வளைந்த கம்பி ஹெட்போன், இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறப் பஞ்சு. முதல் நாளே ஊர் பார்த்துவிட்டது. தண்ணிக் குடத்தோடு எதிரே வந்த பெரியாத்தா நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று பொழுது சாய்வதற்குள் அம்மாவிடம் துக்கம் விசாரிக்க நாலு பேர். "இந்த வயசுலயே காது மிசின் வெச்சுட்டானாமே. இனி எவன் பொண்ணு குடுப்பான்?" அது பாட்டுக் கேட்கும் மிசின் என்று அம்மா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பாட்டென்றால் நாலு பேருக்குக் கேட்க வேண்டாமா? கோயில் மைக் செட்டில் இல்லாத, பிரைவேட் பஸ்ஸில் இல்லாத, இவன் ஒருவன் காதுக்குள் மட்டும் இருக்கிற பாட்டு என்ன பாட்டு?

பெரியாத்தாவின் சந்தேகம் ஜப்பானிலும் இருந்திருக்கிறது. 1979 ஜூலையில் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் துளைகள் உண்டு. கூட இருக்கிறவரை விட்டுவிட்டு ஒருத்தர் மட்டும் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டாவே நினைத்தாராம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டைத் தணித்து இருவரும் பேசிக்கொள்ள ஒரு பட்டனும் வைத்தார்கள். அந்த மரியாதை அடுத்தடுத்த மாடல்களில் போய்விட்டது. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஒரு துளைதான்.

அப்பாரு மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடி விசாரித்தார். அவருக்கு எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"பாட்டுக் கேட்டுக்கிட்டு ஓடறயாக்கும்?"

"ஆமாங்க அப்பாரு."

"ஓடி எங்க போற?"

"எங்கயும் போகலீங்க. கேட்டு வரைக்கும் போயிட்டு, திரும்ப இங்கதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலையை மென்றார். "கவலை மாடும் அப்பிடித்தாண்டா போயிட்டு வரும். அது போயிட்டு வந்தா தண்ணி வரும். நீ போயிட்டு வந்தா?"

கவலை ஓட்டியே காட்டை நனைத்தவர் அவர். மாடுகள் சரிவான வாரியில் இறங்கினால் கிணற்றிலிருந்து சால் மேலே வரும். பின்னுக்கு ஏறினால் சால் தண்ணீருக்குள் போகும். இறங்கும்போது வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடுவாராம். மாட்டுக்காகவா, தனக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும் பொதுவாக என்பார். இத்தனையாவது சால் என்ற எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். பாட்டு முடிந்தால் இத்தனை பாத்தி பாய்ந்தது என்று கணக்கு. 1960-களின் கடைசியில் எங்கள் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. மாட்டை விற்றார்கள், பாட்டும் நின்றது. மோட்டாருக்குப் பாட்டுத் தேவையில்லை. அது தன் பாட்டுக்கு ஓடும்.

எனக்கும் கேஸட்தான் கணக்கு. 'காக்கிச் சட்டை' தொடங்கும்போது வாசல்படி. மூன்றாவது பாட்டுக்கு மெயின் ரோடு. ஐந்தாவது நடுவில் வரும்போது திரும்ப வேண்டும். அலிபாபா அறுபடும்போது எங்கள் வேலிக்கடவு. வாட்ச் கட்டி ஓட என்னிடம் வாட்ச் இல்லை, தேவையும் இல்லை.

செலவுதான் கட்டையில். பென்சில் கட்டை இரண்டு போட வேண்டும். அந்த வாக்மேனில் பின்னோக்கிச் சுற்றும் பட்டனே கிடையாது. கேஸட்டைத் திருப்பிப் போட்டு முன்னோக்கிச் சுற்ற வேண்டும், அதற்கும் கட்டைதான் தேயும். அதனால் தினமும் சாயங்காலம் நடராஜ் பென்சிலை எடுத்துக் கேஸட்டின் பல்லுக்குள் செருகுவேன். பென்சிலின் ஆறு பட்டையும் அந்தப் பல்லும் ஒன்றுக்காகவே மற்றொன்றைச் செய்ததுபோல் பொருந்தும். கிலுகிலுப்பை சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று சுற்றினால் நாடா சர்ரென்று மறுபக்கம் ஏறும். நாற்பத்தைந்து நிமிஷப் பாட்டைத் திரும்பச் சுற்றக் கால் மணி நேரம். அதிலேயே முன்கைக்கு நல்ல பயிற்சி.

கட்டை தீரப் போவதை எந்தச் சிவப்பு விளக்கும் சொல்லாது. எஸ்.பி.பி. சொல்லுவார். குரல் கொஞ்சம் கனக்கும், சொல் இழுக்கும். அடுத்த நாள் ஜானகி ஆண் குரலில் பாடுவார். அதற்கடுத்த நாள் இரண்டு பேரும் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவார்கள். உடனே கட்டையைக் கழற்றி ஓட்டு மேல் வெயிலில் காயப் போட வேண்டும். இந்த வைத்தியத்தைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. சூட்டில் உள்ளே ரசாயன வேலை கொஞ்சம் சுறுசுறுப்பாகும் என்பது நிஜம்தான். அது உயிர்கொடுப்பதில்லை, இன்னும் மூன்று பாட்டு கொடுக்கும். வடகம் காயும் முறத்தில் ஓரமாக என் கட்டைகளும் காயும். அம்மா காக்காய் விரட்டும்போது அதற்கும் சேர்த்து விரட்டுவார்.

இதில் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. பாட்டு இழுத்தால் என் காலும் இழுத்தது. புதுக் கட்டை போட்ட வாரம் கேட்டைத் தொட்டுத் திரும்புவேன். பழைய கட்டை வாரம் அதே சைடு முடியும்போது வீட்டுக்கு இன்னும் இரண்டு காடு தாண்ட வேண்டியிருக்கும். சாப்பாடு சரியில்லை, தூக்கம் சரியில்லை என்று வீட்டில் காரணம் தேடினார்கள். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராகியோர்கிஸ் என்ற பேராசிரியர் உடற்பயிற்சியையும் இசையையும் பற்றியே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, நிமிஷத்துக்கு 120 முதல் 140 தாளம் விழும் பாட்டு பயிற்சிக்குத் தோதானது என்று எழுதியிருப்பதை வெகுகாலம் கழித்துப் படித்தேன். அவர் சொன்ன தாளத்தை எங்கள் ஊரில் நிர்ணயித்தது இளையராஜா பாதி, கட்டை மீதி.

செலக்‌ஷன் அன்று சேலத்து மைதானத்தில் வாக்மேனுக்கு அனுமதி கிடையாது. தேவைப்படவும் இல்லை. விசில் ஊதியதும் தலைக்குள் 'காக்கிச் சட்டை' புதுக் கட்டையோடு ஆரம்பித்துவிட்டது. ஓட்டத்தில் தேறினேன். கயிறும் ஏறினேன். மூச்சை இழுத்து மார்பை விரித்தபோது ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டிய இடத்தில் நாலரை விரிந்தது. அரை சென்டிமீட்டரில் நான் ஜவ்வரிசிக்கு வந்து சேர்ந்தேன்.

நடுவில் நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்துக்காரர்கள் பாட்டைச் சுருக்கும் வித்தையைக் கண்டுபிடித்து, 1995-இல் அந்தக் கோப்புக்கு எம்பி3 என்று வால் வைத்தார்கள். சாதாரணத் தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்பி இடம். 2001-இல் ஆப்பிள் ஐபாட் வந்தது, 2005 ஜனவரியில் அதன் கடைக்குட்டி ஷஃபிள். 22 கிராம், திரையே கிடையாது. அடுத்த பாட்டு எது என்று அதற்கே தெரியாது, அதையே ஒரு பெருமையாகச் சொல்லி விற்றார்கள். எங்கள் பக்கத்து ரெக்கார்டிங் சென்டர்கள் முதலில் சிடி கடையாகி, பிறகு செல்போன் கடையாயின. மெமரி கார்டைக் கொடுத்தால் பையன், "அண்ணா, குத்தா, மெலடியா, சாமியா?" என்று மூன்றே கேள்வியில் ஐநூறு பாட்டு ஏற்றித் தருவான். தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே போயிற்று.

பேரேட்டுக்கு வருவோம். முதல் வரியில் எழுதியது ஷஃபிளைத்தான். அளவும் கிளிப்பும் நடைக்கென்றே பிறந்தவை. ஆனால் 2017 ஜூலையிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். பழசாகக் கிடைத்தாலும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் இருக்கும் பேட்டரிக்கு என்ன வயசாகியிருக்குமோ. ஓட்டு மேல் காயப் போடவும் முடியாது. இரண்டாவது வரி, அதே சாயலில் சீனாவிலிருந்து வருகிற சின்னப் பெட்டி. விலை பார்த்தால் இட்லி-வடை செலவு. கார்டு நாம்தான் போட வேண்டும். மூன்றாவது சரிகமாவின் கார்வான், 2017-இல் வந்தது, ஐயாயிரம் பாட்டை உள்ளே வைத்தே விற்றார்கள். தேர்வு செய்யும் தொல்லையே இல்லை என்று மனசு அதில் கொஞ்சம் சாய்ந்தது. ஆனால் அது ஹாலில் ஷோகேஸ் மேல் உட்கார வேண்டிய மனுஷன். அதைக் கையில் பிடித்து நடந்தால் ரேடியோ ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்பார்கள்.

வியர்வைப் பத்தியில் புது எண்கள் கற்றேன். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம். ஐபிஎக்ஸ்8 அதற்கும் கீழே. வியர்வையில் உப்பு இருக்கிறது. சும்மாத் தண்ணீரைவிட அதுதான் உலோக முனைகளை அரிக்கும். சேலத்து மே மாதத்தில் வேலை செய்யும் எதுவும் எந்தக் கடலிலும் வேலை செய்யும் என்பது என் கட்சி.

எட்டாவது வரியில் இருந்த கருவிதான் என்னை இரண்டு வாரம் பிடித்து வைத்தது. நீச்சல்காரர்களுக்கானது. புளூடூத் அலை தண்ணீருக்குள் போகாது. அதனால் பாட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, காதை அடைக்காமல் கன்னத்து எலும்பு வழியாக அதிர்வைக் கொடுக்கும். படிக்கப் படிக்க ஆசை வந்தது. நாங்களெல்லாம் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டு நீச்சல் படித்தவர்கள். கவலை மேட்டிலிருந்து குதித்தால் தரையைத் தொடுவதற்குள் மூச்சு முட்டும். அந்தக் கிணற்றில் இளையராஜாவோடு குதித்தால் எப்படி இருக்கும்?

ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "கெணத்துல தண்ணி எவ்வளவுடா?" சிரித்தான். கிணறு வற்றி வருஷமாகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புழுதிதான் வந்தது. இப்போது அந்தக் கிணற்றுக்குள் ஒரு வேப்பங்கன்று முளைத்திருக்கிறதாம், ஆடு எட்ட முடியாத இடம் என்பதால் நன்றாக வளர்கிறதாம். ஐபிஎக்ஸ்8 வரிக்கு நேரே சிவப்பு மையால் கோடு போட்டேன்.

காது வேறு குறுக்கே வந்தது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், அதற்கு மேல் சத்தம் ஏற ஏற நேரம் குறைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைப் படித்துக் காட்டிய மகள், "டிவி இவ்ளோ சத்தமா வெச்சாத்தான் உங்களுக்குக் கேக்குது. எதுக்கும் காது டெஸ்ட் எடுத்துடலாம்பா" என்றாள். காதுக்குள் வைக்கும் புது ரகக் காது மிசினுக்கும் ஒயர் இல்லாத இயர்பட்ஸுக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரிவதில்லை. பெரியாத்தா முப்பத்தாறு வருஷம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் கழுத்தில் புளூடூத் வளையத்தோடு மண் சுமக்கிறார்கள். யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

மூன்று மாதம் ஓடிப்போயிற்று. டாக்டரிடம் போனேன். ஹெச்பிஏ1சி 8.4.

"நடக்கறீங்களா?"

"இன்னும் பிளேயர் முடிவாகலீங்க டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மூன்று மாதச் சராசரி என்பது என்னவென்று அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் பேரேடு எழுதிய நாட்கள் அத்தனையும் அதில் பைசா சுத்தமாக வரவு வைக்கப்பட்டிருந்தன.

திரும்பும் வழியிலேயே ஒரு கடையில் நின்று, எது என்று பார்க்காமல் ஒன்றை வாங்கினேன். 8 ஜிபி, கிளிப், கையால் தடவினாலே தெரியும் ஐந்து பட்டன், ஒயர் இயர்போன். பேரேட்டில் அது இல்லவே இல்லை. கடைப் பையன் 1,700 பாட்டு ஏற்றிக் கொடுத்தான். மறுநாள் காலை நடை தொடங்கியது.

1,700 பாட்டோடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பாட்டு தொடங்கும். இதைவிட நல்லது அடுத்து இருக்கும் என்று கட்டை விரல் சொல்லும். அடுத்தது வரும். அதுவும் நல்ல பாட்டுதான், ஆனால் அதற்கடுத்தது? முன்னிசை முடிவதற்குள் தள்ளிவிடுவேன். ஒரு வாரத்தில் ஏற்காடு ரோட்டில் நான் கேட்டது நூற்றுக்கணக்கான முன்னிசை, முழுப் பாட்டு நாலோ ஐந்தோ. எவ்வளவு நேரம் நடந்தேன் என்றும் தெரியவில்லை. ஒரு நாள் இருபது நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். ஒரு நாள் அடிவாரம் வரை போய், திரும்பி வரத் தெம்பில்லாமல் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் என் காதைக் காட்டி, "பஸ்லயே பாட்டு ஓடுதுங்களே" என்றார்.

அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து ஒன்பது பாட்டுகளை எழுதினேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, விரல் தானாக எழுதியது, அம்மாவின் 'படகோட்டி' இருந்த இடம்கூடத் தவறாமல். பத்தாவதாக அலிபாபா. பையனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டு இது மட்டும் ஏத்து தம்பி. இதே வரிசையில."

"பத்துப் பாட்டுதானா? எட்டு ஜிபி இருக்குங்ணா."

"தெரியும். பத்துதான்."

இப்போது தினமும் ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். 'காக்கிச் சட்டை'க்கு வாசல்படி. அம்மாவின் பாட்டு முடியும்போது திரும்புகிறேன். வழியில் டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இருக்கிறது. அரண்மனையும் குகையும் போட்டுப் படமெடுத்த இடத்தில் மிஞ்சியது அந்த வளைவுதான். ஒன்பது பாட்டும் முடிந்து அலிபாபா தொடங்கும்போது பெரும்பாலும் அதன் பக்கத்தில் வந்திருப்பேன்.

டிஜிட்டல் பாட்டு, முழுசாக இருக்கிறது. எங்கும் அறுவதில்லை. சரணத்தின் நடுவில் அந்தச் சொல் வருகிறது, பாதி கடக்கிறது, மீதியும் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஓடுவது நான் கேட்டுப் பழகாத வேறு யாருடைய பாட்டோ போல இருக்கிறது. அதற்குள் என் வலது கை இடுப்புக்குப் போய், அங்கே இல்லாத ஒரு மூடியைத் திறக்கப் பார்க்கிறது, கேஸட்டைத் திருப்பிப் போட.